மஞ்சள் துணி கட்டிய குடம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த பகை தீர்ந்துபோனது. பனியன் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வலிக்காத கை, பேனா பிடித்தால் வலிக்கிறது. போதாததற்கு இது சிரிக்கிற கதையும் இல்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் இருந்த என் கூட்டாளிதான் சீண்டிவிட்டான். "எப்பப் பாத்தாலும் வாயாலயே கதை விடுதியே, ஒண்ணு எழுதித்தான் காட்டேம்லே" என்றான். சரி, அவனுடைய அம்மாவை நான் ஏமாற்றிய கதையையே எழுதிக் காட்டுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். அதுவும் எல்லாரும் கம்பெனியில் இருக்கிற பகல் நேரமாகப் பார்த்து வரும். அதனால் காலையிலேயே குடங்களைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவார்கள். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லாக் குடத்தையும் நிரப்பி அவரவர் வாசலில் வைக்க வேண்டும். பெரும்பாலும் அது பக்கத்து வீட்டு அத்தைதான், கூட்டாளியின் அம்மா. அடையாளத்துக்கு ஒவ்வொரு வீட்டுக் குடத்தின் கழுத்திலும் பனியன் வேஸ்ட் துணி ஒன்று கட்டியிருக்கும். எங்களுக்குச் சிவப்பு, பக்கத்து வீட்டுக்கு மஞ்சள். எங்கள் பிளாஸ்டிக் குடம் அடியில் விண்டிருந்தது. அப்பா பழைய வாளி ஒன்றின் துண்டை உருக்கிக் கறுப்பாக ஓர் ஒட்டுப் போட்டிருந்தார். குடம் பச்சை, ஒட்டு கறுப்பு. அசிங்கமாக இருந்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது.

அப்பா ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அங்கே வேலை பார்த்த ஓர் அக்காவைப் பலாத்காரம் செய்தார் என்று போலீஸ் பிடித்துப்போனது. அந்த அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்றும் பிறகு அது நின்றுபோனது என்றும் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதி புரிந்தது; மீதியைப் பள்ளிக்கூடத்துப் பயல்கள் விளக்கினார்கள். 'அப்பா அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை' என்று அம்மா ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சண்டை போடலாம். அவள் சொல்லவே இல்லை.

அம்மாவின் அண்ணன் குன்னத்தூர் மாமா போனில் மரியாதையாகச் சொன்னார்: "இந்தக் கோயில் நோம்பிக்கு வர வேண்டாம் சாமி, சனம் பேசும்." லைன் வீட்டில் அந்த மரியாதையும் இல்லை, யாரும் எதுவும் பேசவில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாமா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். தன் பையன் என்னோடு விளையாடக் கூடாது என்றும், அத்தை எங்கள் வீட்டோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சட்டம் போட்டார்.

அதற்குப் பிறகு தண்ணீர் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், எல்லார் வாசலிலும் குடம் நிறைந்திருந்தது. சிவப்புத் துணி கட்டினது மட்டும் குழாயடியில் வைத்த இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த முறையும் அப்படித்தான். அம்மா தன் கம்பெனியிலிருந்து தூக்குப்போசியில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தாள். நான் லீவு போட்டுப் பிடிக்கிறேன் என்றேன். "படிக்கறதையும் உட்டுட்டா என்ன கண்ணு இருக்குது நமக்கு" என்றாள்.

குறும்புக்காரனுக்கு வழியா இல்லை? கம்பெனி வேஸ்ட் மூட்டையில் ஒரு மஞ்சள் துணியைப் பொறுக்கினேன். காலையில் சிவப்பை அவிழ்த்துவிட்டு மஞ்சளைக் கட்டி, அத்தையின் குடங்களுக்கு நடுவே எங்கள் குடத்தைச் செருகிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் அவர்கள் வாசலில் அதுவும் நிறைந்து நின்றது. அத்தை உள்ளே முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அதன் பிறகு தண்ணீர் வரும்போதெல்லாம் இதே வேலைதான். ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை. இவ்வளவு ஏமாளியாக ஒரு பொம்பளை இருப்பாளா என்று எனக்கு ஒரே சிரிப்பு. அம்மாவிடம் ரோட்டுக் குழாயில் பிடித்ததாகச் சொல்வேன். அவள் வருவதற்குள் சிவப்பை மாற்றிவிடுவேன்.

ஒரு நாள் ஆர்டர் இல்லையென்று அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள்.

"இது ஆரு ஊட்டுக் குடம்?"

"நம்முளுதுதாம்மா. மஞ்சளுக்கு மாறிட்டோம்."

"ஆரு புடிச்சா?"

"பக்கத்தூட்டு அத்தை. அதுக்குத் தெரியாது."

அடிப்பாள் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. "ஒரு கெட்ட பேரு போதாதா கண்ணு நமக்கு?" என்றாள். பிறகு நிறைகுடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்கக்கா, பையன் துணியை மாத்திக் கட்டிப் போட்டானுங்க. உங்களுதுன்னு நெனச்சுப் புடிச்சிருப்பீங்க. இந்தாங்க, உங்க தண்ணி."

அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கென்று மாமா வீட்டில் இருந்தார்.

"ஏட்டி, அவன் வீட்டுக் கொடத்தையா நெறச்சு வச்ச?"

"தெரியாமப் பிடிச்சிட்டேன்" என்றாள் அத்தை.

"கொட்டு."

அத்தை குடத்தை வாங்கினாள். சாக்கடையில் மெதுவாகக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் தலை நிமிரவில்லை. வெறுங்குடத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் உள்ளங்கை அந்தக் கறுப்பு ஒட்டின் மேல் இருந்தது.

அந்த மாதமே நெருப்பெரிச்சல் என்கிற ஊருக்குக் குடிபோனோம். அங்கே அம்மா, அப்பா துபாயில் இருப்பதாகச் சொல்லிவைத்தாள். கல்யாணம் நின்றுபோன அந்த அக்காவின் வீட்டில் யார் தண்ணீர் பிடித்து வைத்தார்களோ, நாங்கள் விசாரித்ததில்லை. அத்தையை மட்டும் நான் வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏமாந்த ஆத்திரத்தில்தான் அப்படிக் கொட்டினாள் என்று நினைத்திருந்தேன்.

பெரியவனாகி ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால், அடுத்த மெஷினில் அவளுடைய பையன். பழைய கூட்டு மறுபடி ஒட்டிக்கொண்டது. இவ்வளவையும் எழுதி நேற்று டீ நேரத்தில் அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஏமாளி என்று அவன் அம்மாவைச் சொன்ன இடத்தில் சண்டைக்கு வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, ஆறிப்போன டீயைக் கீழே வைத்தான்.

"ஏலே, எங்கம்மைக்கு அவ கொடம் எதுன்னு தெரியாதா?"