நூறு பூச்சியில் இல்லாத நோய்

ஜெபசீலிக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. ஓசூரை ஒட்டி, பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் தனியார் வித்தகம் எங்களுடையது. முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை நான் இடித்துக் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கொடுப்பேன். அவள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். நீள்வட்டமாக மின்னுகிற கிருமி வித்து ஒன்றே ஒன்று தெரிந்தாலும் பெப்ரின் நோய். அந்தத் தொகுதி முட்டை முழுவதையும் எரித்துவிட வேண்டும். தெரியாவிட்டால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஒரு நாளைக்கு முந்நூறு தகடு. கண் மிளகாய் வைத்த மாதிரி எரியுது என்பாள். எனக்கு மட்டும் என்ன, தோள்பட்டை இற்றுப்போய்விட்டது. அதை யார் கேட்டார்கள்?

"ஏட்டி பூங்கொடி, நூறு பூச்சியில காணலேன்னா நோய் இல்லேன்னு அர்த்தமில்ல. நூறுல காணல, அம்புட்டுதான். அடுத்ததுல இருந்தா நான் எழுதுனது பூரா பொய்" என்பாள். நாசரேத்துப் பக்கத்துக்காரி. இத்தனை வருடம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தும் பேச்சு மாறவில்லை.

அன்றைக்கு சாயங்காலம் நாற்பது தகடு பாக்கி. கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அதை விட்டால் ஷேர் ஆட்டோவுக்கு ரோட்டில் தவம் கிடக்க வேண்டும். "போதும்க்கா, எழுதிடுங்க. எத்தனை வருசமா பாக்கறோம், என்ன வந்துடப் போவுது?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கினாள். நாற்பதுக்கும் 'இல்லை' என்று எழுதினாள். சொன்னது நான்தான். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஒன்றரை மாதம் கழித்து, பாகலூர் பக்கமிருந்து கௌதம் என்ற விவசாயி வந்தான். ஷெட்டில் புழு மொத்தமும் போய்விட்டதாம். கவரில் நாலைந்து செத்த புழு கொண்டுவந்திருந்தான். மேல்தோலில் மிளகுத் தூள் தூவினாற்போல் கரும்புள்ளி. சண்டை போடத்தான் வந்திருக்கிறான் என்று மேனேஜர் எழுந்து நின்றார்.

"முட்டை மேல குறை சொல்லலைங்க சார். எங்க வீட்டுத் தப்புதான். எம் பொண்டாட்டி வீட்டுக்குத் தூரமா இருக்கறப்ப ஷெட்டுக்குள்ள இலை போடப் போயிட்டா. எங்கம்மா காலண்டர்ல நாள் கணக்குப் பாத்துக் கண்டுபுடிச்சுட்டாங்க. சாமல்பட்டிக்கு, அவங்கம்மா வீட்டுக்கே அனுப்பிட்டோம். இனி ஷெட்டுக்கு ஆவாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அடுத்த முட்டை எப்பங்க தருவீங்க?"

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "வீட்டு விஷயம், பாத்து நடந்துக்கங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தேனா? இல்லை.

கவரை அவன் மறந்துவிட்டுப் போயிருந்தான். ஜெபசீலி எடுத்து என்னிடம் நீட்டினாள். இடித்துக் கொடுத்தேன். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"பாரு" என்றாள். வித்துகள் கொட்டிக் கிடந்தன. குடலின் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து, அதன் சோற்றையே தின்று, அதையே நிரப்பிவிட்டிருந்தன.

"ஒண்ணுமில்லாததுலருந்து ஒண்ணு வராதுட்டி. செல்லுன்னா இன்னொரு செல்லுலருந்துதான் வரணும். இந்த வித்தும் இன்னொரு வித்துலருந்துதான் வந்திருக்கு. தாய்ப்பூச்சிகிட்டருந்து முட்டைக்கு, முட்டையிலருந்து புழுவுக்கு. ஒருத்தி வாசப்படி தாண்டுனா வராது."

மேனேஜரிடம் போனாள். நாற்பது தகட்டையும் சொன்னாள்.

"இது உன் தியரிம்மா. அவங்க ஷெட்டுல பழைய அழுக்கு இருந்திருக்கலாம்" என்றார் அவர்.

"தியரிதான் சார். தப்பாக்கூட இருக்கலாம். தப்பான்னு பாக்க வழி இருக்கு. அதே லாட் முட்டை வாங்குன வேற வீட்டுல புழு நல்லாருந்தா நான் வாயை மூடிக்கிடுதேன். அவங்க சொல்லுதத எப்படி சார் பாக்குறது? புழு நல்லா வந்தா சாமி புண்ணியம், செத்தா மருமக பாவம். எது நடந்தாலும் அவங்க சொன்னதுதான் சரின்னு ஆயிரும்."

"வெளிய சொன்னா நாளையிலருந்து வேலைக்கு வராதே."

"சரி சார்" என்றாள். அலுத்துப்போன குரல்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு பாகலூருக்கு பஸ் ஏறினாள். முதலில் ராமப்பன் வீடு. ரிஜிஸ்டர்படி அதே லாட் முட்டை வாங்கினவர். அவர் பாதி கன்னடத்தில் புலம்பினார். ஷெட்டைக் காட்டினார். காலித் தட்டுகள். அதே கரும்புள்ளி, அதே சாவு. மனைவி போய் ஒன்பது வருடம். வீட்டில் அவரும் ஒரு நாயும்தான்.

அங்கிருந்து கௌதம் வீடு. முட்டையிலேயே நோய் என்றதை அவன் அம்மா ராஜலட்சுமி முதலில் நம்பவில்லை. "எங்க மருமகளுக்காகப் பரிஞ்சு பேச வந்தியா?"

"உங்க மருமகள நான் பாத்ததே இல்லம்மா. ராமப்பன் வீட்டுல யாரு தூரமானா? நான்தான் பாக்காம கையெழுத்துப் போட்டேன். எங் கண்ணு தப்பு."

அவள் தனியாகவே ஏற்றுக்கொண்டாள். "நானும்தான்" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. இன்றைக்கும் அந்த வித்தகத்தில்தான் இடித்துக்கொண்டிருக்கிறேன். அவளை மறுநாளே நிறுத்திவிட்டார்கள்.

ராஜலட்சுமி உள்ளே போய்விட்டாள். கௌதம் முகம் மலர்ந்து போனை எடுத்தான். நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சத்யா, தப்பு உம்மேல இல்லியாம்! முட்டையிலயே நோய் இருந்துச்சாம். கிளம்பி வந்துடு."

"எம்மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு நான் தூரமே இல்ல. எனக்கு நாள் தள்ளிப் போயி ரெண்டு மாசம் ஆவுது."

அவன் வாய் பிளந்தான். "அடிப்பாவி, ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? உங்கம்மா காலண்டரைப் பாத்தாங்க. நீங்க என் பையை எடுத்து வெளிய வெச்சீங்க. இப்பவும் யாரோ ஒரு அக்கா வந்து சொன்னதாலதான் கூப்பிடறீங்க. அவங்க வரலன்னா?"