அக்கா உள்ளே தூங்குறாங்க

போன வருடம் கோடை தொடங்கிய நேரம். லண்டன் ஸ்ட்ரெதமில் நான் தனியாக இருக்கும் சின்ன வீட்டில் நடந்தது இது. என் சொந்த வீட்டுக்குள்ளேயே நான் கள்ளி மாதிரி ஒளிந்திருந்த கதை.

எனக்கு ஒரே மகன். அட்லாண்டிக் கடலில், பிரிட்டன் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு சின்னத் தீவில் கணக்காளராக இருக்கிறான். அங்கே பழகிய பெண்ணையே கலியாணம் செய்யப் போவதாகச் சொன்னான். பதிவுத் திருமணம், அதே இடத்தில் நான் எடுத்துக் கொடுக்கத் தாலி கட்டுவது என்று ஏற்பாடு. மணப்பெண்ணுக்குக் கூறைச்சேலை, தாலிக்கொடி எல்லாம் இங்கேயே வாங்கினேன். கோயிலில், தமிழ்க் கடையில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் மச்சாள் வீட்டில் என்று ஒருவரையும் விடாமல் சொல்லித் திரிந்தேன்.

"விசா ஒண்டும் தேவையில்லையோ?" என்று மச்சாள் கேட்டாள்.

"அதுவும் இந்த நாட்டுக் கொடி பறக்கிற இடம்தானே. எனக்கு இஞ்சை பெர்மனென்ட் இருக்கு. பிறகென்ன?" என்று அவள் வாயை அடைத்தேன்.

நான் சொன்னது முழுப்பொய் இல்லை. என்னைப் போல இலங்கைக் கடவுச்சீட்டும் இங்கே நிரந்தர வதிவுரிமையும் உள்ளவர்கள் விசா இல்லாமல் அந்தத் தீவுக்குப் போகலாம். ஆனால் அந்த உரிமை இருக்கிறது என்று காட்ட வேண்டும். கையில் இருந்த வதிவுரிமை அட்டை காலாவதியாகி, இப்போது எல்லாம் இணையத்துக்கு மாறிவிட்டது. நான் கடவுச்சீட்டைப் புதுப்பித்தபோது இணையக் கணக்கில் புதிய இலக்கத்தைப் பதியவில்லை. மகன் ஒவ்வொரு முறை கேட்டபோதும், "எல்லாம் சரி, நீ உன்ரை அலுவலைப் பார்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

விமான நிலையத்தில் பயணிகளைப் பதியும் மேசையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பார்த்தாள். யாருக்கோ போன் செய்தாள். புதிய கடவுச்சீட்டு இலக்கத்துக்கு எந்த உரிமையும் காட்டவில்லை, பழைய அட்டை செல்லாது, தீவு ஆட்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாள். கணக்கைத் திருத்தச் சில நாட்கள் ஆகுமாம். கலியாணம் வருகிற சனிக்கிழமை. தலை நரைக்கும்வரை இந்த நாட்டில் வேலை செய்தவள் என்றெல்லாம் கத்திப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

போனில் அழுது சொன்னேன், மகன் வேறு வழி உண்டா என்று விசாரித்தான். பிறகு, "அழாதைங்கோ அம்மா. மண்டபம், ஆக்கள் எல்லாம் சொல்லியாச்சு, தள்ளிப்போட ஏலாது. பதிவை மட்டும் செய்யிறம். தாலிக்கொடி நீங்கள் வந்தாப் பிறகு" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து திரைச்சீலைகளை மூடினேன். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு வெளியே போவது? தீவுக்குப் போனவளாகவே இருந்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். குளிர்பெட்டியை நானே காலி செய்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். பால் இல்லாத வெறுந்தேநீரும், கலியாணத்துக்கென்று சுட்டுப் பெட்டியில் அடைத்த பயற்றம் பணியாரமும்தான் சாப்பாடு. மகன் கலியாணப் பலகாரத்தை இருட்டறையில் தனியே இருந்து தின்ற தாய் இந்த லண்டனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். எனக்கு மேல்மாடி வீட்டில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி தனியாக இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. படியில் கண்டால் ஒரு சிரிப்பு, அதோடு சரி. என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் நிற்கும் கறிவேப்பிலைச் செடிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லி அவளிடம்தான் வீட்டுக் கதவுத் திறப்பைக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் மாலை கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சைப் பிடித்தேன். குசினியில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம். வெகு நேரம் எழும்பிப் போகவில்லை. ஒரு செடிக்குத் தண்ணீர் விட இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை மாலை மறுபடி வந்தாள். தீவில் அப்போது மதியம், பதிவு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் இரவு உடுப்போடு கட்டிலில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். குசினியில் அவள் தன் அம்மாவோடு வீடியோவில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"ஆமாம்மா, அக்கா வீட்லதான் இருக்கேன். இதோ பாரு அவங்க கிச்சன். நான் எங்கம்மா தனியா இருக்கேன்? இப்பதான் சாப்பிட்டோம்."

"அக்காவ கூப்பிடு, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

"அக்கா உள்ள தூங்குறாங்கம்மா."

"எப்பவும் இதையே சொல்ற. உண்மையிலேயே அப்படி ஒரு அக்கா இருக்காங்களா?"

ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் கொடுக்காத பிள்ளை, என்னைக் காட்டித் தாய்க்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெட்கத்தை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். அவள் பேயைக் கண்டவள் போல வாயைப் பொத்தினாள். அவள் கையில் இருந்த போனை நான் வாங்கினேன்.

"ஓம் அம்மா, நான்தான். இப்பதான் எழும்பினனான்."

அந்த அம்மா கண்கலங்கிவிட்டார். "நீங்க வைக்கிற மீன் குழம்பைப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க. அங்க யாருமில்லாம கஷ்டப்படுறாளோன்னு எனக்குத் தூக்கமே வராது. நீங்க இருக்கீங்க, அது போதும்."

"அதுக்கென்ன, நாளைக்கும் மீன் குழம்பு வைக்கிறன்" என்றேன்.

போனை வைத்ததும் அவள் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "மன்னிச்சிடுங்க அக்கா. நீங்க போகலையா?"

"போகேலை பிள்ளை. திருப்பி அனுப்பிப் போட்டாங்கள்." மகனைத் தவிர அதை நான் சொன்ன முதல் ஆள் அவள்தான். சொன்னதும் பொத்திப் பிடித்திருந்த அழுகை எல்லாம் வந்துவிட்டது.

அவள் என்னை அழ விட்டாள். பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு, "பையன் கல்யாணத்துக்கு இப்படியா உக்காருவீங்க? போய் பட்டுப் புடவை கட்டுங்க" என்று அதட்டினாள். நான் கட்டி வருவதற்குள் மேலே ஓடிப் போய்த் தானும் சேலை மாற்றி வந்தாள். அரிசியில் மஞ்சள் பிசைந்து வைத்தாள். போனைச் செடிச் சட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தோம். மகன் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்து, "அம்மா" என்று கூப்பிட்டான். இரண்டு பேரும் அரிசியை அள்ளிப் போனின் மேல் போட்டோம். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். மருமகள் கையை ஆட்டி, "யாரம்மா அது?" என்று மகனைக் கேட்க வைத்தாள். "எங்கடை வீட்டுப் பிள்ளை" என்றேன்.

மறுநாள் மச்சாளுக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள்தான். சிரிக்கட்டும். கணக்கைத் திருத்திக்கொண்டு பிறகு தீவுக்குப் போனேன், என் கையாலேயே தாலிக்கொடியை எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது மேல்மாடிப் பிள்ளை திறப்பை நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு கொதிக்கும்போது நான் வீட்டில்தான் இருப்பேன், ஆனாலும் மணியடிக்காமல் திறந்துகொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கதவு திறபடும் சத்தம் கேட்டால்தான் இந்த நாட்டில் எனக்கும் ஆள் இருக்கிறது என்று மனம் நம்புகிறது.