சீர் கம்ப்யூட்டரில் பாகம் பிரித்த நாள்

என் காதணி விழா வைகாசி வளர்பிறையில் நடந்தது. அழைப்பிதழ் இன்னும் என்னிடம் இருப்பதால் அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாகம் பிரித்த நாள் எது என்பதற்கு எழுத்தில் சான்று கிடையாது. காதுப்புண் ஆறாமல் ஹெட்போன் மாட்ட முடியாமல் இருந்தேன். புது வகுப்புப் புத்தகங்களுக்கு இன்னும் அட்டை போட்டிருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆனி மாதத் தொடக்கம் என்று வருகிறது. அன்று பகல் முழுக்கக் கரண்ட்டு போகவில்லை என்பதும் நினைவிருக்கிறது. அந்த ஆண்டில் அப்படி ஒரு நாள் அமைந்தால் யாருக்கும் மறக்காது.

பத்து வயதாகியும் காது குத்தாத பெண் என் வகுப்பில் நான் ஒருத்திதான். அப்பா வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அவருக்கு லீவு கிடைத்தால் நல்ல நாள் அமையாது, நல்ல நாள் அமைந்தால் லீவு கிடைக்காது. ஒருவழியாக இரண்டும் கூடிவந்தபோது நான் வளர்ந்துவிட்டிருந்தேன். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டபோது என் கால்கள் தரையில் இழுபட்டன.

மாமாவுக்குக் குன்றாண்டார்கோவில் பக்கம். எங்களுக்குக் கறம்பக்குடி பக்கம். மாவட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வேன் பிடித்து, கொட்டு மேளத்தோடு சீர் கொண்டுவந்தார். பழத்தட்டு, வளையல் தட்டு, பட்டுப்பாவாடை எல்லாம் வந்த பிறகு, வரிசையின் கடைசியில் அத்தை தலையில் மானிட்டர் வந்தது. சிபியூவை மாமா வேறு யார் கையிலும் கொடுக்காமல் தன் தோளிலேயே சுமந்து வந்தார். அதன் முகப்பில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அந்தச் சந்தனத்தில் கொஞ்சம் வழிந்து டிவிடி போடும் தட்டின் ஓரத்தில் காய்ந்துவிட்டது. அந்தத் தட்டு அதற்குப் பிறகு ஒருநாளும் முழுதாக வெளியே வரவில்லை.

பந்தலில் வைத்து அதைத் திறந்தும் காட்டினார்கள். திரை முழுக்க, வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நிற்கும் மாமாவின் படம். வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனரில் இருந்த அதே படம்தான். கூட்டம் வாயைப் பிளந்தது. அப்போது சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"மச்சான், இது எவ்வளவு?"

அவர் கேட்டது மெமரி எவ்வளவு என்று. கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்துவிட்டு, கறம்பக்குடி பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவர் அவர். மாமாவோ விலையைக் கேட்டதாக எடுத்துக்கொண்டார்.

"சீருக்கு வெல கேக்குற ஆளை இப்பத்தான் மாப்ள பாக்குறேன்."

சித்தப்பா விளக்கம் சொல்வதற்குள் மேளக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைந்தது. குறைந்த பேச்சையெல்லாம் அம்மா நிரப்ப வேண்டியிருந்தது. மாமா போன் செய்தால், "தம்பி ஒங்களத்தாண்ணே விசாரிச்சிச்சு" என்பார். போனை வைத்துவிட்டு, "அண்ணன் ஒங்களக் கேட்டாங்க தம்பி" என்பார். இரண்டு பேருமே கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா எதற்கு இப்படிப் பொய் சொல்கிறார் என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

விழா முடிந்த வாரத்திலேயே அப்பா கிளம்பினார். ஒவ்வொரு முறையும் சொல்வதை அன்றும் சொன்னார். "பிளேன் மேல ஏறுனதும் நம்ம தென்னந்தோப்பு தெரியும். நீயும் அம்மாவும் முத்தத்துல நின்னு கை காட்டுங்க. எனக்குத் தெரியும்." நாங்களும் ஒவ்வொரு முறையும் போல நின்று கை காட்டினோம். இந்த முறை எனக்குச் சந்தேகம் வந்தது. மேலே இருப்பவருக்குத் தோப்பு தெரியலாம். கை தெரியுமா?

சித்தப்பாவிடம் கேட்டேன். இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர்போல எழுந்து உட்கார்ந்தார். "ஏரோப்பிளேன் ஓட்டுற சிமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு பாப்பா. கேம் இல்ல, பைலட்டெல்லாம் பழகுற மாதிரி. அதுல திருச்சி ஏர்போர்ட்லேருந்து ஏறி நாமளே பாத்துருவோம்."

பிரவுசிங் சென்டரில் கூட்டம் ஓய்ந்த பிறகு, பல சாயங்காலங்கள் உட்கார்ந்து அதை இறக்கினார். முதலில் விமானம் மட்டும் வந்தது. பிறகு நம் பக்கத்து நிலப்பகுதியைத் தனியாக இறக்கினார். பென் டிரைவில் கொண்டுவந்து மாமாவின் விண்டோஸில் போட்டார். விமானம் ஓடுபாதையில் நின்றது. வேகம் கூட்டினார். விமானம் ஒரு படமாக நின்றது, கொஞ்சம் கழித்து இன்னொரு படமாக நின்றது, மூன்றாவது படத்தில் புல்வெளியில் தலைகுப்புறக் கிடந்தது.

குறை விண்டோஸ் மீது இல்லை. இருந்த கொஞ்ச மெமரியையும் மாமா அன்போடு நிரப்பியிருந்தார். கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் தானாக ஓடும் பக்திப் பாட்டு, மூலையில் அசையும் குத்துவிளக்கு, வைரஸ் பிடிக்க இரண்டு தனித்தனி ஏற்பாடு, பத்தாததற்கு விழா வீடியோ முழுவதும். சித்தப்பா நெடுநேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இதெல்லாத்தையும் அழிச்சிட்டு லினக்ஸ் போட்டாத்தான் பிளேன் ஏறும். அதுவும் விண்டோஸ் மாதிரி ஒண்ணுதான், ஆனா எலவம்பஞ்சு. பாரமே இருக்காது."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "எதைத் தம்பி அழிக்கணும்?"

"விண்டோஸைத்தான் அண்ணி."

"அதுலதானே அண்ணன் இருக்காங்க?"

"போட்டோவைத் தனியா எடுத்து வச்சுக்கலாம்."

"சீர்ல வந்ததை அழிக்கிறதுங்குற வார்த்தையே இந்த வீட்ல வேணாம்" என்றார் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அது தொங்கிப்போய் இருந்திருக்க வேண்டும். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டும் இருக்க முடியாதா தம்பி? அண்ணனோடதும் இருக்கட்டும், ஒங்களுதும் இருக்கட்டும்" என்றார்.

சித்தப்பா அசந்துபோனார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்த்திராத அண்ணி, தான் டிப்ளமோவில் கடைசி வருஷம் படித்ததை அரிசி புடைத்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார். "முடியும் அண்ணி. ஹார்ட் டிஸ்க்கை ரெண்டு பாகமாப் பிரிக்கணும். ஆனா பிரிக்கிறப்ப கரண்ட்டு போச்சுன்னா ரெண்டு பேரும் இல்ல."

ஒரு சனிக்கிழமை காலை சித்தப்பா வேலையைத் தொடங்கினார். முதலில் மாமாவின் விழா வீடியோவைப் பத்திரமாகப் பிரதி எடுக்கப் போட்டார். அது மெதுவாக நகர்ந்துகொண்டிருந்ததால் கடைத்தெருவுக்கு டீ குடிக்கப் போனார். அங்கே நண்பரிடமிருந்து போன் வந்தது. சித்தப்பாவுக்கு எப்போதும் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கிற குரல்.

"இன்னைக்கு வரமுடியாதுடா, அண்ணன் வீட்ல பாகம் பிரிச்சுக்கிட்டு இருக்கேன். ஆமா, ரெண்டா. நான் எங்க கேட்டேன், அண்ணிதான் கேட்டாங்க!"

அந்த டீக்கடையில் மாமா ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். வாழைத்தார் ஏற்ற வந்தவர். அவர் டீயை முடித்தாரா என்பது தெரியவில்லை. போனை எடுத்துவிட்டார்.

மதியச் சோறு முடிந்த நேரத்தில் வாசலில் மாமாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. புதுக்கோட்டையைத் தாண்டி வெயிலில் அவ்வளவு தூரம் ஒரே ஓட்டமாக வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மாமா வாங்கவில்லை. அம்மாவின் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். உறவு வீட்டில் தண்ணீர் வாங்காமல் நிற்பதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கே தெரியும்.

"என்னத்தா இது? மாப்ள ஏரோப்பிளேன் ஏறி மாசம் திரும்பல. அதுக்குள்ள இந்த வீட்ல பாகமா?"

"என்ன பாகம்ணே?"

"கடைத்தெருவே பேசுது. நீதான் கேட்டியாமே. ஒன்னைய யாரு என்ன சொன்னா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சித்தப்பா கத்தினார். "மச்சான், அங்கிட்டே நில்லுங்க! கால் பட்டு ஒயர் கழண்டா ரெண்டு பாகமும் போயிரும்!"

மாமா ஒரு காலைத் தூக்கியபடி நிலைப்படியில் நின்றார். "ஒயரா?"

அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

விளக்கிச் சொன்ன பிறகும் மாமா தண்ணீர் குடிக்கவில்லை. "முடியட்டும்" என்று கதவோரம் நின்றார். திரையில் ஒரு பட்டை எறும்புபோல நகர்ந்தது. சித்தப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது சுற்றுகிறவரை கரண்ட்டு இருக்கிறது. பட்டை முடிந்து, லினக்ஸ் ஏறி, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தபோது வாசலில் வெயில் தணிந்திருந்தது.

கருப்புத் திரை. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரி, மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். ஓரத்தில் ஒரு எண் குறைந்துகொண்டே வந்தது.

"அண்ணனோடது மொதல்ல" என்றார் அம்மா.

சித்தப்பா கீழ் அம்புக்குறியை அமுக்கி, என்டரைத் தட்டினார். திரையில் மாமா வரவில்லை. வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. சித்தப்பாவின் காதோரம் வியர்வை இறங்கியது. "டிஸ்க் சரியா இருக்கான்னு அதுவே பாத்துக்கிடுது மச்சான்" என்றார். குரல் பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கவில்லை.

"எல்லை அளக்குதுன்னு சொல்லு" என்றார் மாமா.

ஒருவழியாக எழுத்துகள் நின்றன. குத்துவிளக்கு அசைந்தது. பக்திப் பாட்டு எழுந்தது. திரை முழுக்க மாமா கைகூப்பி நின்றார். கதவோரம் நின்ற மாமாவின் கைகளும் தானாகக் கூப்பிக்கொண்டன. பிறகு சொம்பை வாங்கி அண்ணாந்து மொத்தத் தண்ணீரையும் குடித்தார்.

"இம்புட்டுத்தானா பாகம்?" என்று சிரித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "நெசமாவே இருந்தாலும் நான் வந்திருப்பேன்த்தா." அம்மா, "சாப்ட்டுப் போங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

சாப்பிட்ட கையோடு லினக்ஸைத் திறந்தார்கள். விமானம் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஏறியது. மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கெழக்க திருப்பு மாப்ள, இங்கிட்டுத்தானே தங்கச்சி வீடு" என்று வழி சொல்லத் தொடங்கினார். பைபாஸில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சொல்வதுபோல, "மெதுவா, மெதுவா, புதுக்கோட்டை வருது" என்றார். புதுக்கோட்டை வரவில்லை. பச்சையும் காவியுமாகத் தட்டை நிலம் மட்டும் விரிந்தது. குளமில்லை, கோபுரமில்லை, தோப்பில்லை. எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே சித்தப்பா ஒரு வட்டம் அடித்தார். அதே பச்சை.

"தோப்பைக் காணோமே" என்றேன்.

"அது படத்துல போடலை பாப்பா" என்றார் சித்தப்பா.

அம்மா குனிந்து அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். "காணோம்னு அப்பாகிட்ட சொல்லாத, என்ன" என்றார்.

சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வளைகுடா விமானம் திருச்சியிலிருந்து மேற்கே போகும், எங்கள் ஊர் கிழக்கே இருக்கிறது என்பதை ஒரு வரைபடத்தில் பார்த்து நானே கண்டுபிடித்தது பிறகு வெகுகாலம் கழித்து. சித்தப்பாவுக்கு அது அன்றே தெரியாமல் இருந்திருக்காது.

மாமா கிளம்பும் முன் ஒரு சிக்கல் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டபோது அம்மா கேட்டார், "அது என்ன தம்பி, எண்ணு கொறைஞ்சுக்கிட்டே வருது?"

"நாம ஒண்ணும் அமுக்கலைன்னா தானா மொத வரிக்குள்ள போயிரும் அண்ணி."

"மொத வரி யாரோடது?" என்று கேட்டவர் மாமா.

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "என்னுது."

"சீரு யாரோடது மாப்ள?"

"வேலை யாரோடது மச்சான்?"

மறுபடியும் பந்தலில் நின்ற மாதிரி இருவரும் நின்றார்கள். அம்மா நடுவில் வந்தார். "தானா எங்கிட்டும் போக வேணாம். நான் சொல்ற வரைக்கும் நிக்கணும். அப்படி வைக்க முடியுமா தம்பி?"

முடியும். சித்தப்பா ஏதோ ஒரு வரியைத் திருத்தினார். எண் காணாமல் போனது. மாமா மோட்டார் சைக்கிளை உதைத்தார். சித்தப்பா தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்பினார்.

அவர்கள் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். போட்டேன். கருப்புத் திரையில் இரண்டு வரிகளும் வந்து நின்றன. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். கீழ் அம்புக்குறியை ஒருமுறை அமுக்கினார். மேல் அம்புக்குறியை ஒருமுறை அமுக்கினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு விமானம் ஓட்ட வேண்டும். "எதுலயாவது என்டரை அமுக்கும்மா" என்றேன்.

"இருத்தா. ரெண்டும் ஒண்ணாக் கொஞ்ச நேரம் நிக்கட்டும். நல்லாருக்குல்ல?"

நான் திரையை நன்றாகப் பார்த்தேன். பாட்டு இல்லை, படம் இல்லை, விமானம் இல்லை. கருப்பில் வெள்ளையாக இரண்டு வரி, அவ்வளவுதான். இதில் என்ன நல்லாருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.