பின்னால் எரிந்த வெள்ளை விளக்கு

தொண்ணூறுகளில் என் பழைய ஹெரால்டு காரின் பின்விளக்கு மூடிகள் உடைந்தன. செங்கல்பட்டு முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரின் வெள்ளை மூடிகளை மாட்டி, உள்ளே சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டினேன். அத்தனை பெருமை எனக்கு!

அந்த வாரமே ஒரு மழை மாலையில் கடப்பாக்கத்திலிருந்து மனைவியோடு திரும்பினேன். பின்னால் வந்த வண்டிகள் நெருங்கியதும் ஹாரன் அலற மண்ணில் இறங்கி ஒதுங்கின.

"ஏங்க, நம்மளப் பார்த்து ஏன் பயப்படறாங்க?" என்றாள் மனைவி.

முந்திப்போன பஸ் ஒன்று எங்களை மறித்து நின்றது. டிரைவர் இறங்கிவந்து கத்தினார்: "எதிர்ல வண்டி வருதுன்னு பள்ளத்துல வுட இருந்தேன்யா! உள்ள நாப்பது பேரு கீறாங்க!"

இறங்கிக் காரின் பின்னால் போய்ப் பார்த்தேன். பல்பின் சூட்டில் தாள் கருகி, இரண்டு விளக்குகளும் வெள்ளையாக எரிந்தன.

இப்போதெல்லாம் விளக்கைப் போட்டு, கால்மணி நேரம் கழித்துப் பின்னால் நின்று பார்த்த பிறகே புறப்படுகிறேன். அந்த நாற்பது பேரும் என்னோடு நின்று பார்க்கிறார்கள்.