வெள்ளையம்மா உட்கார்ந்த படம்

உத்தனப்பள்ளி வெள்ளையம்மாவுக்கு உட்காரவே தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. கேலிக்குச் சொன்னதுதான், ஆனால் பொய்யில்லை. களை எடுக்கும்போது குனிந்திருப்பாள். ராகி தூற்றும்போது நின்றிருப்பாள். புருஷன் எல்லப்பன் களி தின்னும்போது கதவோரம் சாய்ந்து நிற்பாள். அவர் கை கழுவியதும் அடுப்புக்கு முன்னால் குந்தி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். குந்துவதை உட்காருவதில் சேர்க்கக் கூடாது என்பது அவள் கட்சி. "குந்தறதுக்குக் கோழி போதும்" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தலை நரைத்த பிறகு ஓர் ஆசை வந்தது. புருஷனும் பெண்சாதியுமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். கால் தெரிய வேண்டும். நகை கேட்டிருந்தால் எல்லப்பன் இல்லையென்று சொல்லிப் பழகியவர், சுலபமாகச் சொல்லியிருப்பார். இதற்கு என்ன சொல்வதென்று அவருக்கு விளங்கவில்லை.

ஆசை சும்மா வரவில்லை. ஓசூரில் வாழ்க்கைப்பட்ட அவள் அக்கா சென்னம்மாள் அதற்கு முந்தின ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்தது ஒரே படம். அதில் அக்கா வீட்டுக்காரர் நாராயணப்பன் கால்மேல் கால் போட்டு, கையில் தடியோடு, நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். சென்னம்மாள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். உயிரோடு பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிற மனுஷனின் படத்துக்கு மாலை போட முடியுமா? படம் எடுத்த கங்கப்பனே வந்து கத்திரியால் நறுக்கிக் கொடுத்தான். நறுக்கிப் பார்த்தால் அக்காவில் மிஞ்சியது ஒரு முகம், ஒரு தோள், நாற்காலி முதுகில் வைத்த நாலு விரல். கூடவே நாராயணப்பனின் தலைப்பாகையில் ஒரு துண்டும் வந்துவிட்டது. அதை எடுத்தால் அக்காவின் தோள் போய்விடும் என்றான் கங்கப்பன். ஆகவே அந்தத் தலைப்பாகைத் துண்டுக்கும் சேர்த்தே மாலை விழுந்தது.

வெள்ளையம்மா அந்தப் படத்தின் முன்னால் நின்று அழுதாள். அழுகையின் நடுவே கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட உடம்பு. கழுத்துக்குக் கீழே அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதற்கு ஒரு சாட்சி இல்லை. தனக்கும் இதே கதிதான் என்று அங்கேயே தெரிந்துகொண்டாள். இவள் படமே எடுத்ததில்லை என்பதால், இவள் கதி இன்னும் ஒரு படி மோசம்.

கங்கப்பனின் ஸ்டூடியோவில் இருந்தது ஒரே நாற்காலி. பின்னால் படித்துறையும் ஆறும் எழுதிய திரை. இன்னொரு நாற்காலி போட்டால் என்ன என்று வெள்ளையம்மா கேட்டாள்.

"ஆறு மறைஞ்சுடும்க்கா" என்றான் கங்கப்பன்.

"மறைஞ்சா போவுது. அது என்ன எங்க ஆறா?"

"நாலு பேரு கேப்பாங்க. ஆம்பள ஒக்காரணும், பொம்பள நிக்கணும். போட்டோன்னா அதான்."

அவள் வாதாடவில்லை. அவளிடம் வேறொரு இடம் இருந்தது. அக்கா இருந்தபோது வயிற்று வலிக்கு மருந்து வாங்க இருவரும் ஒரு தடவை பெங்களூர் போயிருந்தார்கள். அங்கே சிலையும் சித்திரமும் வைத்த பெரிய மியூசியம் ஒன்று. அக்கா அதைப் பொம்மை பங்களா என்பாள். உள்ளே போகக் கூச்சப்பட்டு, வெளியே தோட்டத்தில் மரத்தடிக் கல்பெஞ்சில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றார்கள். நீளமான பெஞ்சு. "இதுல ஆம்பளயும் பொம்பளயும் சரிக்குச் சரி ஒக்காரலாம்டி, யாரும் யாரையும் இடிக்க மாட்டாங்க" என்று சென்னம்மாள் அன்றைக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுப் புளிச்சோற்றில் கல் இருந்ததென்று துப்பினாள்.

"அந்தப் பெஞ்சுல எடுக்கலாங்க" என்றாள் வெள்ளையம்மா புருஷனிடம்.

"ஊரு சிரிக்கும் மே" என்றார் எல்லப்பன். அவளை அவர் கூப்பிடுவது "மே" என்றுதான்.

"ஊருல எடுத்தாத்தானே சிரிக்கும்? அது மைசூர் சீமை. அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

எல்லப்பன் யோசித்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற ஒரு பயத்தைத் தவிர அவருக்கு வேறு குறை கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஊர் இல்லை என்றதும் அந்தக் குறையும் நீங்கிவிட்டது. நீங்கியதும் ஏற்பாட்டில் இறங்கினார், அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதென்றாலும் கல்யாண முகூர்த்தம் குறிப்பதுபோல்தான் குறிப்பார்.

கங்கப்பன் படம் கழுவுகிற மருந்துச் சாமான் வாங்கப் பெங்களூர் போகிற வழக்கம் உண்டு. அவன் போகிற நாளோடு சேர்ந்து போவதென்று பேச்சாயிற்று. அது செவ்வாயாக இருக்கக் கூடாது, அமாவாசை ஆகாது, ராகி அறுவடைக்கு முன்னால் முடிய வேண்டும். கோட்டுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் ராஜப்பனிடம் சொல்லி வைத்தார். கோட்டு வந்தது, தோளில் பிடித்தது, ஆகவே மூச்சை எப்படி விடுவதென்றும் ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. மியூசியம் காவலாளியிடம் கன்னடத்தில் என்ன சொல்வதென்று மாட்டிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஒத்திகையும் நடந்தது. வீட்டுப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டியின் விளிம்பில் இருவரும் உட்கார்ந்தார்கள். மணவறைக்குப் பிறகு அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். எல்லப்பன் தள்ளி உட்கார்ந்தார். வெள்ளையம்மா முதுகை வளைத்தாள், நிமிர்த்தினாள், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். நடுவில் விழுந்த இடத்தைப் பார்த்து ஓர் ஆட்டுக்குட்டி வந்து நின்றது. "இதயும் கூட்டிட்டுப் போவலாமா?" என்றாள் வெள்ளையம்மா. எல்லப்பன் சிரிக்கவில்லை. அவர் மூச்சைப் பழகிக்கொண்டிருந்தார்.

புறப்படும் முன் வேடியப்பனிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். அவர்கள் பங்காளி வகையறாவுக்குக் குலசாமி அவர்தான். ஊருக்கு வெளியே தோப்பில், பழைய கல்லில் வில்லும் கத்தியுமாகச் செதுக்கிய சாமி. எல்லை தாண்டிப் போகிறவர்கள் அவரிடம் சொல்லாமல் போவதில்லை. தோப்புக்குள் பெண்கள் போகக் கூடாது. முன்னாலிருக்கும் புளியமரத்தோடு அவர்கள் நின்றுவிட வேண்டும். பொங்கலை அங்கேயே வைத்து இறக்கிக் கொடுத்தால் ஆண்கள் உள்ளே எடுத்துப் போவார்கள். வெள்ளையம்மா கல்யாணமாகி வந்த தை மாதத்திலிருந்து வருஷம் தவறாமல் பொங்கிக் கொடுத்திருக்கிறாள். சாமி எப்படி இருப்பார் என்று ஒரு தடவை மாமியாரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. இந்தத் தடவையும் புளியமரத்தடியில் நின்றாள். எல்லப்பன் உள்ளே போய், படம் எடுக்கப் போகிற செய்தியைச் சொல்லிவிட்டு, திருநீற்றோடு வந்தார்.

"என்னா சொன்னாரு?"

"அவரு என்னாத்த சொல்வாரு. போய்ட்டு வான்னாரு."

பெங்களூரில் எல்லாம் ஏற்பாட்டின்படியே நடந்தது. பஸ் வந்தது. கங்கப்பன் முக்காலியையும் படப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். காவலாளி, எல்லப்பன் மாட்டிடம் பழகிய கன்னடம் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, போங்க" என்று தமிழில் சொன்னான். பெஞ்சு அதே மரத்தடியில் அப்படியே இருந்தது. வெள்ளையம்மா நேராகப் போய், அன்றைக்கு அக்கா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது. புடவைக் கரையைச் சரிசெய்து, மெட்டி தெரிகிறமாதிரி கால்களை வைத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வரும்போலிருந்தது.

எல்லப்பன் மட்டும் வரவில்லை. பெஞ்சுக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி, புதிதாக ஒரு கல்லைக் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். ஆளுயரக் கல். அதில் ஒரு வீரன், ஒரு கையில் வில், ஒரு கையில் கத்தி, உடம்பில் அம்பு, காலடியில் சின்னச் சின்னதாக மாடுகள். எந்த ஊரில் கிடைத்ததோ. எல்லப்பன் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். தலைப்பாகையை அவிழ்த்து, கோட்டுக்கு மேலேயே இடுப்பில் சுற்றிக் கட்டினார். கைகூப்பிக்கொண்டார்.

"நம்ம வேடியப்பன் மே" என்றார். "நேத்துதான் தோப்புல சொல்லிட்டு வந்தேன். நமக்கு முன்னாடி வந்து நிக்கறாரு."

கங்கப்பன் பெட்டியை வைத்துக் கறுப்புத் துணியையும் போர்த்தியிருந்தான். துணியை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினான். "அண்ணா, அது பொம்மக் கல்லுண்ணா. இங்க இந்த மாதிரி எத்தனயோ கெடக்குது. வந்து ஒக்காருங்க, வெளிச்சம் போவுது."

"சாமி நிக்கறாரு. நான் ஒக்காரறதா?"

"அப்ப வேற பக்கம் திரும்பிக்கலாம்."

"முதுக காட்டச் சொல்றியா?"

பெஞ்சைத் தூக்கித் தள்ளிப்போடலாம் என்றால் அது தரையோடு பூசியிருந்தது. வேறு பெஞ்சும் அங்கே இல்லை. கங்கப்பன், கல்லையும் சேர்த்துப் படத்தில் பிடித்துவிட்டால் சாமிக்கும் மரியாதையாகப் போகும் என்று ஒரு வழி சொன்னான். சாமியைப் பெட்டிக்குள் பிடிக்கிறதாவது என்று எல்லப்பன் பதறிப்போனார். கங்கப்பன் கல் படத்தில் விழாதபடி முக்காலியை நகர்த்திக்கொண்டான். பிறகு எல்லப்பன் பெஞ்சு பக்கம் திரும்பினார்.

"நீயும் எந்திரி மே. சாமி முன்னால என்னா ஒக்காந்துகினு?"

வெள்ளையம்மா கல்லைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பொங்கிப் போட்டவரின் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். நிதானமாகப் பார்த்தாள். மீசை நன்றாக இருந்தது.

"எனக்கு இவரத் தெரியாதுங்க" என்றாள்.

"என்னாது?"

"ஒரு நாளாவது புளியமரத்த தாண்ட வுட்டிருக்கீங்களா? இவருதான் அவருன்னு நான் எத வச்சு சொல்லட்டும்? தெரியாத ஆம்பள ஒருத்தரு நிக்கறாருன்னு நான் எதுக்கு எந்திரிக்கணும்?"

தோப்புக்குப் பெண்கள் வரக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர் எல்லப்பன். அந்தச் சட்டத்துக்குள் இப்படி ஒரு பொத்தல் இருக்குமென்று அவர் பாட்டன் பூட்டன் யாரும் சொல்லி வைக்கவில்லை. வேடியப்பனைப் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கங்கப்பன் இருவரையும் பார்த்தான், வெளிச்சத்தைப் பார்த்தான், "அசயாதீங்க" என்றான்.

படம் ராகி அறுவடைக்குப் பிறகு சட்டம் போட்டு வந்தது. அதில் வெள்ளையம்மா கல்பெஞ்சின் நடுவில், கைகளை மடியில் வைத்து, தலையிலிருந்து மெட்டி வரை முழுசாக உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி எல்லப்பன் வெறுங்காலோடு, இடுப்பில் துண்டோடு, கைகூப்பி நின்றிருந்தார். சாமி படத்தில் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அவர் யாரைக் கும்பிடுகிறார் என்பதில் சந்தேகமே வராது.

ஊர் சிரித்தது. மைசூர் சீமையில் எடுத்த படம் உத்தனப்பள்ளிச் சுவரில்தான் தொங்கும் என்பதை எல்லப்பனின் ஏற்பாட்டில் எங்கேயும் சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெருமாள் தினம் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். ஒவ்வொரு தடவையும் எல்லப்பன் எழுந்து போய், சட்டத்துக்கு வெளியே சுவரில் கையை வைத்து, "இந்தா, இந்த எடத்துல சாமி இருந்தாரு" என்று காட்டுவார். சுவரில் ஒரு பல்லி இருக்கும். "அப்பிடித்தாண்ணா, எல்லார் வூட்டுலயும் சாமி ஒண்ணுதான்" என்பான் பெருமாள்.

"நீ சொல்லேன் மே, சாமி இருந்தாருன்னு."

"எனக்குத்தான் அவரத் தெரியாதே" என்பாள் வெள்ளையம்மா.

ஒருநாள் எல்லப்பனுக்குப் பொறுக்கவில்லை. படத்தைக் கழற்றி, சட்டத்தைப் பிரித்து, ஆட்டு மயிர் வெட்டுகிற கத்திரியை எடுத்துக்கொண்டார். "என் பக்கத்த நறுக்கிப் போட்டுடறேன். நீ மட்டும் இருந்துக்கோ."

அவள் தடுக்கவில்லை. வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"தாராளமா நறுக்குங்க. நடுவுல நெறைய எடம் கெடக்குது, எம்மேல கத்திரி படாது. என்னிக்கி வேணாலும் நான் முழுசா வந்துடுவேன். அக்காவுக்குத்தான் அந்த எடம் இல்லாம போச்சு."

எல்லப்பன் படத்தைப் பார்த்தார். அவள் சொன்னது நிஜம். இருவருக்கும் நடுவில் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. இவள் எதற்குக் கால் தெரிய வேண்டுமென்றாள், எதற்கு உட்கார வேண்டுமென்றாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் படத்துக்கு மாலை போட்டபோது அவரும் அங்கேதான் இருந்தார். தலைப்பாகைத் துண்டையும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கத்திரியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, படத்தைத் திரும்பச் சட்டத்தில் போட்டு மாட்டினார்.

சென்னம்மாளின் வருஷத் திதிக்குச் சொல்ல நாராயணப்பன் ஓசூரிலிருந்து வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பெருமாளும் வேலியோரம் வந்து காத்திருந்தான்.

"என்னா எல்லப்பா இது? யாரப் பாத்து இந்தக் கும்புடு போடறே?"

எல்லப்பன் சுவர்ப் பக்கம் போகவில்லை. வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"பாத்தாத் தெரியலீங்களாண்ணா? ஒக்காந்திருக்கறாளே" என்றார்.

கதவோரம் நின்றிருந்த வெள்ளையம்மா மணையை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.