காலிக் கட்டமும் பச்சைப் பூஜ்யமும்

மார்ச் மாதக் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் என்டரைத் தட்டினார் இஸ்க்ரா தோனெவா. திரையில் பச்சையாக ஒரு பூஜ்யம் வந்து உட்கார்ந்தது. மென்பொருள் விற்க வந்த பிளாமென் பெருமையாகச் சிரித்தான். இஸ்க்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, பேட்ஜே வந்து சேரல. பூஜ்யம்னு இதுக்கு யார் சொன்னா?"

அவர் திருப்பியனுப்பிய நான்காவது மென்பொருள் அது. பல்கேரியாவின் பிளோவ்திவ் நகர மருத்துவமனையில் எக்ஸ்ரே கதிர் படும் இடத்தில் வேலை செய்கிற நூற்றுப் பதினேழு பேரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். மாதாமாதம் அதை வாங்கிச் சோதனைக்கு அனுப்பி, யார் உடம்பில் எவ்வளவு கதிர் ஏறியது என்று பதிவது இஸ்க்ராவின் வேலை. அத்தனை பேட்ஜ் எண்களும் அவருக்கு மனப்பாடம். கணவரின் செல்பேசி எண்தான் தெரியாது. விசைப்பலகையில் துகள் விழும் என்று பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா ரொட்டியைக்கூட ஜன்னலோரம் நின்றே தின்பார்.

இத்தனை பிடிவாதமும் டாக்டர் அசெனுக்காக. இதயக் குழாய் அடைப்பை நீக்குவதில் அவர் கில்லாடி. ஒரு வருடத்துக்கான கதிர் வரம்பைத் தொட்டால் கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கச் சொல்வார்கள் என்பதால், வேலை மிகுந்த மாதங்களில் அவருடைய பேட்ஜ் தவறாமல் தொலைந்துபோகும். பழைய பதிவேட்டில் அந்த மாதங்களெல்லாம் பூஜ்யம். போன வருடம் அவர் கண்ணில், அதிகக் கதிர் பட்டவர்களுக்கு வருகிற புரை லேசாகத் தெரிந்தது.

கோடை முழுக்க உட்கார்ந்து இஸ்க்ராவே ஒரு மென்பொருள் எழுதினார். ஐம்பத்தெட்டு வயதில், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து. எனக்கெல்லாம் அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது. அதில் காலிக் கட்டம் காலியாகவே சிவந்து நிற்கும். பேட்ஜோ சரியான காரணமோ தராதவரின் பெயர் மறுநாள் சிகிச்சைப் பட்டியலில் ஏறாது.

"ஒரு கட்டத்துக்காக டாக்டரையே நிறுத்துவியாம்மா?" என்று அலுத்துக்கொண்டார் மருத்துவமனை இயக்குநர்.

"அவர் கண்ணு போனா யாரை வெச்சு நடத்துவீங்க?"

நவம்பர் முதல் வாரம் அசென் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"அக்கா, அக்டோபர் பேட்ஜ் தொலைஞ்சு போச்சு. பூஜ்யம்னு போட்டு விடுங்க. அங்க ஆள் படுத்திருக்கு."

இஸ்க்ரா திரையை அவர் பக்கம் திருப்பினார். அக்டோபரில் அவர் செய்த சிகிச்சைகள் நாற்பத்தொன்று. பக்கத்தில் சிவப்புக் கட்டம்.

"இதுல பூஜ்யம் போட வழியே வைக்கல டாக்டர். வேணும்னேதான்."

அசென் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பையில் கைவிட்டு, தொலைந்த பேட்ஜை எடுத்து மேசைமேல் வைத்தார்.

இஸ்க்ரா அதைச் சோதனைக்கு அனுப்பும் உறையில் போட்டார். நவம்பர் பேட்ஜை எடுத்து, எழுந்துபோய் அவர் சட்டையில் தானே குத்தினார். கழன்று விழாதுதானே என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.