அரசு சாரின் பெரிய பாய்

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, மூங்கில்துறைப்பட்டு சாலையில் ஒரு கரும்பு டிராக்டரின் பின்னால், முந்த வழியில்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தபோது ரபீக் அழைத்தார். கள்ளக்குறிச்சியில் தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவர். எங்கள் படகின் பாய்களில் கிழிசல் தைப்பவரும் அவர்தான். "சார், அரசு சாரு பூட்டாருங்க. நெஞ்ச வலிக்குதுன்னு சொல்லிக்கினே சாஞ்சிட்டாராம்" என்றார். வண்டியை ஓரம் கட்டினேன். முதலில் வந்தது துக்கம் இல்லை. கடைசிவரை உண்மையைச் சொல்லாமலே தப்பித்துவிட்டார் என்ற ஆத்திரம்தான் வந்தது.

நம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர்களுக்குத் திருநாவுக்கரசு சாரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இயற்பியல் நடத்திய எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு படகு. புதுச்சேரியில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய சின்னப் பாய்மரப் படகை லாரியில் ஏற்றிவந்து, அனுமதி வாங்கி, கோமுகி அணையில் இறக்கினோம். அதோடு இரண்டு பாய்கள் வந்தன. ஒன்று பெரியது, மெல்லிய துணி, வயிறு உப்பினாற்போல் தைத்தது. இருக்கிற கொஞ்சக் காற்றையும் அள்ளிக்கொள்ளும். மற்றொன்று சிறியது, முரட்டுத் துணி, தட்டையாக வெட்டியது. பலத்த காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எதைக் கட்டுவது என்று கரையிலேயே முடிவுசெய்ய வேண்டும். தண்ணீரில் இறங்கிய பிறகு மாற்ற முடியாது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இளங்காற்றில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு தை மாதக் காலையில் அணை கண்ணாடி போலக் கிடந்தது. நான் திரும்பிவிடலாம் என்றேன். அவர் பெரிய பாயை ஏற்றி, கயிற்றை இரண்டு விரலில் தளர்த்திப் பிடித்து, உட்காரும் இடத்தை ஒரு சாண் மாற்றினார். படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. "பாய் சின்னதா பூட்டா மனசும் சின்னதாய்டும் வாத்யாரே" என்றார். அன்று அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லாக் காற்றுக்கும் அவரிடம் இருந்தது இந்த ஒரே வாக்கியம்தான்.

இனி அந்த ஆடி ஞாயிறு. மாணவர்களுக்குப் படகுப் பயிற்சி தொடங்கலாமா என்று பார்க்க முதல்வரே வந்திருந்தார். தொடங்கினால் பொறுப்பு எனக்கு என்று ஏற்கெனவே பேச்சு. ஆடியில் காற்று மேற்கிலிருந்து கல்வராயன் மலையைத் தாண்டி விழும். மலையடிக் கரையில் நின்றால் ஒன்றும் தெரியாது, மலை மறைத்துவிடும். நடுத்தண்ணீருக்குப் போனால்தான் பள்ளத்தாக்கு வழியே வந்து அறையும். அங்கே பாய் தேர்ந்தெடுக்கிறவன் கரையில் நிற்கும் மரத்தைப் பார்க்கக் கூடாது. உச்சியில் மேகம் ஓடுகிறதா, நடுவில் தண்ணீர் திட்டுத் திட்டாகக் கறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் நடந்துகொண்டிருந்தன.

"சின்னதையே கட்டுவோம் சார். மேகம் ஓடுது பாருங்க" என்றேன்.

"மேகமா வந்து நம்ம படகுல ஏறப் போவுது? இங்க எல கூட அசையல. பிரின்ஸ்பால ஒக்கார வெச்சிக்கினு கோமணத்த கட்டிப் பறக்க வுடச் சொல்றியா?"

முதல்வர் சிரித்தார். பெரிய பாய் ஏறியது.

நடுத்தண்ணீருக்குப் போனதும் இழுப்பு தாங்கவில்லை. பாயின் கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. பலமாகக் காற்று அடித்தால் அந்தக் கயிற்றை விட்டுவிட வேண்டும். பாய் விலகிக் காற்றைச் சிந்திவிடும், படகு நிமிரும். அதற்காகத்தான் அதைக் கையில் பிடிப்பது. அரசு சார் குனிந்து, "குடு இப்டி" என்று என் கையிலிருந்து வாங்கி, விளிம்புக் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டார். "இப்ப நிம்மதியா இரு" என்றார். எங்களுக்கு முதுகைக் காட்டி முன்னால் உட்கார்ந்திருந்த முதல்வர் இதைப் பார்க்கவில்லை, காற்றிரைச்சலில் எதுவும் கேட்டிருக்கவும் முடியாது. அடுத்த காற்று வந்து அறைந்தபோது நான் அந்த முடிச்சைப் பிறாண்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கயிறு அவிழவில்லை. படகு கவிழ்ந்தது. மூவரும் மிதவைச் சட்டை போட்டிருந்ததால் பிழைத்தோம்.

மீன்பிடிக்கிறவர்கள் எங்களைக் கரை சேர்த்ததும் முதல்வர் கேட்டார்: "கயிறு யார் கையில இருந்தது?" நான் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தேன். அரசு சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வாத்யாரு கையில சார். வுடு வுடுன்னு கத்தறேன், கெட்டியா புடிச்சிக்கினு கீறாரு."

பயிற்சி நின்றது. அதன் பிறகு என்னை நம்பி எதையும் முதல்வர் ஒப்படைக்கவில்லை. பிரிவு உபசாரம், சுற்றுலாப் பேருந்து, கல்யாணப் பந்தி என்று எல்லா இடத்திலும் அரசு சார் அந்தக் கதையை நடித்துக் காட்டினார். என்னைப் போலக் கண்ணை உருட்டி, இல்லாத கயிற்றை இறுக்கிப் பிடித்து. நீங்கள் சிரித்தீர்கள். நான் மறுத்தபோதெல்லாம், "கோச்சிக்காத வாத்யாரே, தமாசுதானே" என்று தோளில் தட்டினார். எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒருமுறை தனியே நிறுத்திக் கேட்டேன்: "முடிச்சுப் போட்டது நீங்கதான்னு ஒரு தடவ சொல்லுங்க சார், போதும்." "சொன்னா யாரு சிரிப்பாங்க?" என்றார். அதன் பிறகு நான் அந்தப் படகில் ஏறவில்லை.

வடக்கனந்தலில் அவர் வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்தபோதும் அதே கதைதான். நாற்காலி வரிசையில் ஒரு பழைய மாணவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, "கயிற வுடாத சாரு இவருதான்பா" என்றார். சடலம் நடுவில் கிடக்க, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாலையை வைத்துவிட்டு நான் திரும்பும்போது அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். "பழைய மாணவருங்க போடற நெனவு மலருக்கு நீங்கதான் எழுதணும் தம்பி. வாத்யாரு எழுதனா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்கன்னு அவரே சொல்லிக்கினு இருப்பாரு."

சரி என்றேன். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே எழுதுவது நம் வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவரை நான் விடப் போவதில்லை. யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்று அவரே சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்: பாயைத் தேர்ந்தெடுத்தவர் திருநாவுக்கரசு. கயிற்றைக் கட்டியவர் திருநாவுக்கரசு. அடுத்த முறை எங்காவது சிரிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காரியம் முடிந்ததும் அந்த அம்மாள் படகையும் பாய்களையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பெரிய பாயை நேராக ரபீக்கிடம் கொண்டுபோனேன். அடியிலிருந்து மூன்று முழம் மேலே குறுக்காக ஒரு வரிசைத் துளை போட்டு, நாடா கோத்துத் தரச் சொன்னேன். காற்று ஏறினால் அதுவரை சுருட்டிக் கட்டி, பெரிய பாயையே சின்னதாக்கிக்கொள்ளலாம்.

"இத போட்டுக்குங்கன்னு நானே எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன். பாய்ல ஓட்ட போட்டா கைய ஒடிச்சிருவேன்னாரே" என்றார் ரபீக்.

"இப்ப வந்து ஒடிக்கட்டும்."

அவர் பாயை விரித்து அளந்தார். அடி ஓரத்தில், கரையிலிருந்து படிக்கிற அளவுக்கு, அரசு சார் சிவப்பு பெயின்டில் தன் முழுப் பெயரை எழுதி வைத்திருந்தார். ரபீக் தயங்கினார். "சுருட்டனா பேரு உள்ள பூடுமே சார்?"

"போவட்டும். தைங்க."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பாய் ஒன்றுதான். இது ஆடி மாதம், நல்ல காற்று. கரையில் இலை அசைகிறதோ இல்லையோ, ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயரைச் சுருட்டி, நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குகிறேன்.